அரமனை வண்டிக்கு ஆயில் பிரேக்

அறந்தாங்கியில் ஒரு மெக்கானிக் இருந்தார். பிரேக் போடத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனார். அந்தப் பெயர் பொய். பொய் என்று தெரிந்தவர்கள் பதிமூன்று பேர் இருந்தோம். அதில் பன்னிரண்டு பேரை இன்றைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்றாவது ஆள் நான். அதனால்தான் இந்தக் கோபம் இத்தனை வருஷம் கழித்தும் ஆறுவேனா என்கிறது.

நான் அப்போது அறந்தாங்கியில் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். வண்டி முப்பதுகளில் செய்த அமெரிக்க வண்டி. புதுக்கோட்டையில் ஒரு சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் வைத்திருந்தது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் அவருடைய உத்தியோகமும் போயிற்று. வண்டியை விற்றுவிட்டு மெட்ராஸில் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். என் முதலாளி அதை வாங்கி வந்தார். அறந்தாங்கிக்குள் நுழைந்த அன்றே அது ‘அரமனை வண்டி’ ஆகிவிட்டது. அரண்மனை வாசலைத் தாண்டியாவது அந்த வண்டி ஒருநாள் போயிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் முதலாளி, ராஜ குடும்பத்து ஆட்கள் உட்கார்ந்த சீட்டு என்று பின் சீட்டைத் தட்டிக் காட்டுவார். கேட்டவர்களுக்கும் காட்டுவார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார். அந்த சீட்டில் இருந்த மூட்டைப்பூச்சிகளுக்கு மருந்து அடித்தவன் நான்.

அதில் இருந்தது கம்பி பிரேக். காலால் மிதித்தால் வண்டிக்கு அடியில் ஒரு குறுக்குத் தண்டு திரும்பும். அந்தத் தண்டிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் நான்கு கம்பிகள் போகும். கம்பி இழுபட்டால் டிரம்முக்குள் பிரேக் கட்டை விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நான்கு கம்பியும் ஒரே அளவாக இழுத்தால்தானே? ஒன்று முறுக்காக இருக்கும், ஒன்று தளர்ந்து கிடக்கும். மிதித்தால் வண்டி நிற்பதற்கு முன்னால் இடது பக்கம் ஒடித்துக்கொண்டு போகும். வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்து, கம்பியைத் திருகி, இறக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி தூக்குவேன். அதையும் மழைத் தண்ணீர் ஒன்றுமில்லாமல் பண்ணிவிடும். கண்மாய்க் கரையில் எதிரே மாடு வந்தால், மாடு நம்மைப் பார்த்து, யோசித்து, ஒதுங்கி, அந்தப் பக்கம் இறங்கிப் போன பிறகுதான் அரமனை வண்டி நிற்கும்.

ஒரு ஐப்பசியில் கட்டுமாவடி ரோட்டில் ஆட்டு மந்தைக்குள் விட்டுவிட்டேன். நான் விடவில்லை, வண்டி போயிற்று. இரண்டு ஆடு செத்தது. முதலாளி பின் சீட்டில் இருந்தபடியே, ஒனக்குக் காலு இருக்கா இல்லையா என்று கேட்டார். என் கால் முழு பலத்தோடு பெடலை மிதித்துக்கொண்டு நின்றது. முழங்கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவரிடம் காட்டி என்ன ஆகப் போகிறது? ஆட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான்.

மெக்கானிக் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். யுத்த காலத்தில் பட்டாளத்து லாரிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்பேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கெட்ட வார்த்தை கிடையாது. வண்டிக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு அப்போதே எரிச்சல் வரும்.

ஆடு செத்த கதையைக் கேட்டுவிட்டு, “கம்பிய வச்சுக்கிட்டு ஆயுசுக்கும் மல்லுக்கட்ட வேண்டியதுதான் தம்பி. ஆயில் பிரேக்கா மாத்திட்டா ஒரே மிதி” என்றார்.

கம்பிக்குப் பதிலாக எண்ணெய். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போய் நான்கு சக்கரத்திலும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தமாகக் கட்டையை விரிக்கும். எண்ணெய்க்கு இடது வலது கிடையாது. புது வண்டிகளிலெல்லாம் அது வந்துவிட்டது. பழைய வண்டிக்கும் போடலாம், கழித்துப் போட்ட பட்டாளத்து வண்டிகளின் சாமான் திருச்சியில் கிடைக்கிறது, நான் செய்து தருகிறேன் என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். அரமனை வண்டியில் கண்டவன் கையை வைப்பதா என்றார். அடுத்த மாதம் மறுபடி சொன்னேன். வண்டி அதுபாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிறவனுக்குத்தான் துப்பில்லை என்றார். இப்படியே இரண்டு வருஷம். என் உயிரும் அவர் உயிரும், அவர் வீட்டம்மாவின் உயிரும் நான்கு துருப்பிடித்த கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைச் சொன்னால் துப்பில்லாதவன்.

கடைசியில் அவர் மனசை மாற்றியது உயிர் பயம் அல்ல, வயிற்றெரிச்சல். ஊரில் இன்னொரு மில்காரர் புது வண்டி வாங்கினார். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. அவர் வண்டி பந்தல் வாசலில் கோடு போட்டது போல நின்றது. எங்கள் வண்டி பந்தலைத் தாண்டி, மேளக்காரர்கள் நாயனத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, ஒரு வைக்கோல் வண்டியில் போய் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கூட்டம் சிரித்தது. மறுநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, என்னமோ ஆயில் பிரேக் என்று சொன்னாயே, அதைப் போடச் சொல் என்றார். இரண்டு ஆட்டுக்கும் என் முழங்காலுக்கும் இல்லாத மதிப்பு அந்தச் சிரிப்புக்கு இருந்தது.

வேலை ஒரு மாதம் நடந்தது. திருச்சியில் பட்டாளத்து வண்டிகளின் பழைய சாமான்களை மலைமலையாகக் குவித்து வைத்திருந்த ஒரு யார்டில் அண்ணனும் நானும் இரண்டு நாள் கிளறினோம். டிரம், அதன் பின் தட்டு, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் கிடைத்தன. ஆனால் ஒரு வண்டியின் சாமான் இன்னொரு வண்டியில் நேராகப் போய் உட்காருமா? பின் தட்டில் பழைய ஓட்டைகளை அடைத்துப் புது ஓட்டைகள் போட்டார். அச்சில் உட்கார வளையம் கடைந்தார். பெடலின் நீளத்தை மூன்று தடவை மாற்றினார். நீளம் குறைந்தால் மிதிக்க முடியாது, கூடினால் பாதி மிதியிலேயே தரையைத் தொட்டுவிடும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே அறுத்து, ஒட்டி, மறுபடி அறுத்தார். ரப்பர் கப்புகளை மட்டும் பழையதில் எடுக்க மாட்டேன் என்று புதிதாக வரவழைத்தார். சிலிண்டருக்குள் எண்ணெயைத் தள்ளுவது அந்தச் சின்ன ரப்பர் கப்புதான், பிரேக்கின் உயிரே அதுதான் என்பார். கை பிரேக்குக்கு மட்டும் பின் சக்கரத்துக் கம்பிகளை அப்படியே விட்டு வைத்தார்.

குழாயிலிருந்து காற்றை எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அவர் அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து, ரப்பர் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு, காற்றுக் குமிழி வருவதைப் பார்ப்பார். மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. ஒரு காலைப்பொழுது முழுக்க இதுதான். எனக்குத் தொடை விட்டுப்போயிற்று. போதும் அண்ணே என்றேன். இன்னும் ஒரு குமிழி வருது என்றார். ஒரு குமிழிக்காக இன்னும் அரை மணி நேரம். அவ்வளவு சுத்தம் பார்த்த மனிதரைத்தான் பிரேக் போடத் தெரியாதவர் என்றார்கள்.

எண்ணெய் டப்பாவை அவர் வைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமாக அது மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்து டிரைவர் காலுக்கு அடியில் இருக்கும். பலகையைக் கழற்றினால்தான் தெரியும். எண்ணெய் குறைவது தினமும் டிரைவர் கண்ணில் பட வேண்டும் என்று, டப்பாவைத் தனியாகப் பிரித்து பானெட்டுக்குள் மேலே பொருத்தினார். கடைசலில் ஒரு பித்தளை மூடியும் செய்து போட்டார். பொருத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“இதுல பிரேக் ஆயிலத் தவிர ஒரு சொட்டு வேற எண்ணெ விழக் கூடாது தம்பி. இஞ்சின் ஆயிலும் ஆகாது, மில்லு எண்ணெயும் ஆகாது. ரப்பர் உப்பிரும். உப்புனா புடிச்ச புடிய விடாது, சூடு ஏறும். சூடு ஏறுனா அப்பறம் மிதிச்சாலும் ஒண்ணுமே இருக்காது. மொதலாளிகிட்டயும் சொல்லி வச்சுரு.”

மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்தே அறியாத மனிதரிடம் போய் இதில் கையை விடாதீர்கள் என்று எதற்குச் சொல்வது? சொன்னால் எனக்கே நீ புத்தி சொல்கிறாயா என்பார். அந்த ஒரு பேச்சைத் தவிர்த்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மில்லுக்குப் பின்னால் இருந்த ரோட்டில் ஓட்டிக் காட்டினோம். வேகமாக வந்து ஒரு மிதி. வண்டி நேராக, ஒரு பக்கமும் ஒடிக்காமல், அப்படியே நின்றது. முதலாளி நான்கு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலமே அந்த யோசனை தன்னுடையது என்று ஊருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் அந்த நாலு மாதம் நான் நிம்மதியாக ஓட்டினேன். முழங்கால் நடுங்கவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து வருவது. பூசைக்கு முன்னால் மில்லில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முதலாளி தன் கையால் எண்ணெய் போட வேண்டும். நீள மூக்கு வைத்த எண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு பெரிய இஞ்சினில் ஆரம்பிப்பார். அரவை மிஷின், பெல்ட் ஓடும் சக்கரங்கள், நெல் தூற்றும் மிஷின், தராசு, கணக்குப்பிள்ளையின் சைக்கிள், வீட்டம்மாவின் தையல் மிஷின் வரைக்கும் போவார். எங்கே ஓட்டை இருக்கிறதோ, எங்கே மூடி இருக்கிறதோ அங்கெல்லாம் மில் எண்ணெய் விழும். முதலாளி கையால் எண்ணெய் குடித்த மிஷின் அந்த வருஷம் நிற்காது என்று நம்பிக்கை. மற்ற வருஷங்களில் வண்டிக்குக் கதவு கீலில் நான்கு சொட்டு விட்டுப் போய்விடுவார்.

அந்த வருஷம் வண்டியைக் கழுவி, பானெட்டை இரண்டு பக்கமும் தூக்கி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். அண்ணன் செய்த வேலை எல்லார் கண்ணிலும் படட்டும் என்று அந்தப் பித்தளை மூடியைப் புளி போட்டு விளக்கியதும் நான்தான். அது தங்கம் மாதிரி மின்னியது. முதலாளி கேனோடு வந்தவர் அதைப் பார்த்து நின்றார்.

“இது எண்ணெ டப்பாதான?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்வதற்குள் மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றிவிட்டார். சுற்றி மில் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. பூசை நேரத்தில் வேண்டாம், கூடாது, ஆகாது என்ற பேச்சு யார் வாயிலும் வரக் கூடாது. அது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே வந்த பயம். முதலாளி கையைப் பிடித்து அதை ஊற்றாதீர்கள் என்று சொன்னால், அந்த வருஷம் மில்லில் என்ன நடந்தாலும் அதற்கு நான் வாய் வைத்ததுதான் காரணம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். பூசை முடிந்ததும் எண்ணெயை இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை ஆகும் வரை தொடக் கூடாது. ஸ்பேனர் எல்லாம் சந்தனப் பொட்டோடு படத்துக்கு முன்னால் கிடந்தன.

மறுநாள் விஜயதசமி. காலையில் கற்பூரம் காட்டிய கையோடு முதலாளி மணமேல்குடியில் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பச் சொன்னார். பயந்துகொண்டே ஓட்டினேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. அதற்கு மறுநாளும் பிடித்தது. அதற்கடுத்த நாளும் பிடித்தது. அண்ணன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். தினமும் இரண்டு தடவை அவர் பட்டறையைத் தாண்டித்தான் போவேன். கையை ஆட்டுவார். நிறுத்திச் சொன்னால் மூன்று தடவை சொன்னேனே தம்பி என்பார். அந்த மெதுவான குரலைக் கேட்க எனக்கு வெட்கம். ஹாரனை அடித்துவிட்டுப் போய்விட்டேன். பூசை நேரம், மறுபூசை என்று ஊர் வழக்கத்தின் மேல் நான் பழியைப் போடலாம். அது ஒரு நாளைக்குத்தான் செல்லும். மிச்ச நாட்கள் என்னுடையவை.

ஐந்தாம் நாள் முதலாளியும் வீட்டம்மாவும் கட்டுமாவடியில் ஒரு சாவு வீட்டில் கேதம் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். பாதி வழியில் வண்டி இழுவையாக வந்தது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. தீய்ந்த வாடை வந்தது. நிறுத்தி இறங்கி, டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி பறந்தது. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டிருந்தது, பிடித்த பிடியை விடவில்லை, சூடு ஏறிவிட்டது. இதற்கு மேல் வண்டி ஓடாது என்று சொல்ல வேண்டியதுதான். முதலாளி கண்ணாடியை இறக்கி, என்னப்பா வெயில் ஏறுது, கெளம்பு என்றார். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். இதை எழுதும்போது என் கையை நானே அறையலாம் போல இருக்கிறது.

அறந்தாங்கி ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையாக மாட்டு வண்டிகள். மிதித்தேன். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. தூக்கி மறுபடி மிதித்தேன். காற்றை மிதிப்பது போல இருந்தது. கை பிரேக்கை இழுத்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கடைசியில் நின்ற கருவாட்டு வண்டியின் சக்கரத்தில் இடித்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. வண்டிக்காரர் நல்லவேளையாகக் கேட் பக்கம் போய் நின்றிருந்தார். முதலாளிக்கு நெற்றியில் காயம், வீட்டம்மாவுக்குக் கை சுளுக்கு. ஒரு மாட்டின் முன்கால் முறிந்துவிட்டது. கட்டுமாவடிக்காரரான அந்த வண்டிக்காரர் கொட்டிக் கிடந்த கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தைகள் எதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் மாடு செத்துவிட்டது.

மறுநாள் வண்டியை மில் களத்துக்கு இழுத்து வந்தார்கள். அண்ணனைக் கூட்டி வரச் சொன்னார் முதலாளி. தலையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசையில் நின்ற ஆட்கள் அத்தனை பேரும் களத்தில் நின்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன், என்னோடு சேர்த்துப் பதிமூன்று பேர்.

அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். சிலிண்டரைத் திறந்து ரப்பர் கப்பை வெளியே எடுத்தார். அது இட்டிலி மாதிரி உப்பியிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மில் எண்ணெய் வாடை அந்தக் களத்தில் யாருக்குத் தெரியாது? அந்த வாடையில்தான் எல்லாருக்கும் சோறு. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வேற எண்ணெ கலந்துருக்குங்க. அதான் ரப்பர் உப்பிருச்சு” என்றார் முதலாளியிடம்.

“யாரு கலந்தா?”

அண்ணன் மறுபடி என் பக்கம் பார்த்தார். “தெரியலைங்க” என்றார்.

முதலாளி பொய் சொல்லவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். தான் ஊற்றியது அவருக்கு எண்ணெயாகவே தெரியவில்லை, அது பூசை. பூசையில் செய்த காரியம் ஒரு மாட்டைக் கொல்லும் என்று அவர் மண்டைக்குள் எப்படி ஏறும்? ஆனால் மற்றவர்களுக்கு ஏறியது. வேறு எண்ணெய் என்ற வார்த்தை வந்ததுமே கணக்குப்பிள்ளை, மில் இஞ்சினை ஓட்டும் இஞ்சின் டிரைவரைப் பார்த்தார். இஞ்சின் டிரைவர் வானத்தைப் பார்த்தார். ஒவ்வொருவனும் இன்னொருவன் சொல்லட்டும் என்று நின்றான். கணக்குப்பிள்ளை அதோடாவது விட்டாரா? வேதக்காரர் செய்த வேலை, நம்ம பூசைக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். ஐந்து நாளைக்கு முன்னால் அந்த எண்ணெய் விழுந்தபோது கேனுக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதே இந்தக் கணக்குப்பிள்ளைதான். அந்த வாயை அன்றே உடைத்திருக்க வேண்டும். உடைக்காத என் கையும் சேர்ந்துதான் குற்றவாளி.

யாரும் கலக்கவில்லை என்றால் போட்டவன் போட்டதுதான் தப்பு என்றார் முதலாளி. ஆயில் பிரேக் முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கம்பியையே போட்டுக் கொடுக்க வேண்டும், அதையும் இவனே செய்ய வேண்டும் என்றார். அண்ணன் தலையாட்டினார்.

பட்டறையில் அவர் குழாய்களைக் கழற்றும்போது கூட இருந்தேன். ஒரு மாதம் பார்த்துப் பார்த்து வளைத்த குழாய்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து ஓரமாக வைத்தார். அந்த நிதானம் என்னைப் பைத்தியமாக்கியது. வாடையைப் பார்த்த உடனே மில் எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா, ஏன் ஊமை மாதிரி நின்றீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். என்னுடைய கேவலத்துக்கு அவரைத் திட்டினேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“மில்லு எண்ணெயின்னு சொன்னா, வண்டி யாரு பொறுப்புல இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஒன்னயத்தான் புடிப்பாங்க. மாடு செத்துருக்கு, லைசென்ஸும் போயிரும். யாரு ஊத்துனான்னு நான் பாக்கலையே தம்பி. பாத்தவன் நீ. நீ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் கம்பியை மாட்ட ஆரம்பித்தார். நான் அப்போதாவது எழுந்து மில்லுக்கு நடந்திருக்கலாம். அரை மைல் கூட இல்லை. கம்பிகளை எடுத்து ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஊர் அவரை எப்படித் தின்றது என்பதைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டீக்கடையில் ஒரு சைக்கிள் வேகமாக வந்தால்கூட, யாருடா பிரேக் போட்டது, அந்த வேதக்காரரா என்று கேட்டுச் சிரிப்பார்கள். பஸ்காரர்கள் முதலில் போனார்கள். பிறகு லாரி. அடுத்த பங்குனிக்குள் பட்டறையில் சைக்கிள் பஞ்சர் மட்டும்தான் மிச்சம். கொட்டகையைப் பிரித்தார். திருச்சியில் ஏதோ ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள், அங்கே அவரிடம் பிரேக் வேலை கொடுப்பதில்லையாம். அந்தப் பெயர் திருச்சி வரைக்கும் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் முழங்கால் நடுங்க நடுங்கக் கம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டு அதே முதலாளியிடம் அதே வண்டியை ஓட்டினேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அறுபதுகள் பிறந்த பிறகு முதலாளி புது வண்டி வாங்கினார். இந்தியாவில் செய்தது, கம்பெனியிலேயே ஆயில் பிரேக். எண்ணெய் டப்பாவையும் கம்பெனிக்காரனே பானெட்டுக்குள் மேலேயே வைத்திருந்தான். அந்த வருஷ ஆயுத பூசையில் முதலாளி கேனோடு வந்தார். வயதாகிவிட்டது. டப்பாவின் மூடியைத் திருகினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன்.

“அதுல ஊத்தாதீங்க மொதலாளி. அது பிரேக் எண்ணெ. மில்லு எண்ணெ பட்டா ரப்பர் உப்பிப்போயிரும், வண்டி நிக்காது.”

மேளம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த நிமிஷம் அதுதான். வேலை போகட்டும், அடி விழட்டும் என்று நின்றேன்.

“அப்படியா” என்றார் முதலாளி. மூடியைத் திரும்பப் போட்டார். கதவு கீலில் நான்கு சொட்டு விட்டுவிட்டுத் தையல் மிஷினைப் பார்க்கப் போய்விட்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

கற்பூரம் காட்டி முடித்து எல்லாரும் பொரி கடலைக்குக் கூடியபோது, கேனைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“அந்த அரமனை வண்டியிலயும் நான் ஊத்துனேன்ல?”

“ஆமாங்க.”

“நீ பாத்துக்கிட்டுதான நின்ன?”

“ஆமாங்க.”

“அன்னைக்கும் இப்படிக் கையப் புடிச்சிருந்தா, நான் என்ன ஒன்னயத் தின்னுருப்பனா? அந்த ஆளப் போயி ஊர விட்டுத் தொரத்திப்புட்டமேப்பா.”

அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அவர் பொரி அள்ளிப் போட்டார், துண்டை விரித்து வாங்கிக்கொண்டேன்.